இடி முழங்கும்போது ஒதுங்க இடம் கொடுங்கள்



அன்பிற்குரிய இஸ்லாமிய சகோதர சகோதரிகளே! வானொலியில் இவ்வுரையைச் செவிமடுத்தவர்களும், இந்நூலில் இதனை வாசிப்பவர்களும் ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். மலைக்கு மேலே முகில் கறுத்து, மின்னல் வெட்டி, இடி முழங்கும்போது உங்கள் உள்ளத்தில் முதலில் எழுவது என்ன? அச்சமா? ஆசையா? திருக்குர்ஆனின் பதின்மூன்றாம் அத்தியாயத்துக்கு ‘அர்-ரஃது’, அதாவது ‘இடி’ என்றே பெயர். மின்னலை மனிதர் அச்சத்தோடும் ஆசையோடும் நோக்குமாறு காட்டுபவன் அல்லாஹ்வே என்று அவ்வத்தியாயத்தின் 12ஆம் வசனம் உணர்த்துகின்றது. மழை வேண்டும் என்ற ஆசையும் அவன் தந்ததே. உயிர் போய்விடுமோ என்ற அச்சமும் அவன் தந்ததே. அந்த அச்சத்தை நாம் என்ன செய்கின்றோம் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

சென்ற ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்த ஒரு நாளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். என் சகோதரியின் மகன் பாடசாலை விடுமுறைக்காகப் புத்தளத்திலிருந்து நானுஓயாவுக்கு வந்திருந்தான். அமெரிக்க நாட்டில் சிலர் வாகனங்களில் ஏறி, சமவெளிகளினூடே இடிமுகில்களைப் பின்தொடர்ந்து சென்று, சுழல்காற்றுகளைப் படம் பிடிக்கும் காட்சிகளை அவன் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தான். “மாமா, இங்கதான் தினமும் இடி இடிக்குதே. ஒரு நாளைக்கு நாமளும் பின்னாலேயே போய்ப் பார்ப்போமா?” என்று கேட்டான். பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. என் வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே புறப்பட்டோம்.

நானுஓயா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். 1885ஆம் ஆண்டில் மலையகப் புகையிரதப் பாதை இங்கு வந்தடைந்தது. அன்று காலை எட்டு மணிக்கு வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. கிரேட் வெஸ்டர்ன் மலையின் சிகரம் தெளிவாகத் தெரிந்தது. பத்து மணியளவில் அச்சிகரத்துக்கு மேலே பஞ்சுப் பொதி போன்ற வெண்முகில்கள் தோன்றின. பன்னிரண்டு மணிக்கு அவை கோபுரங்களாக எழுந்து நின்றன. ஒரு மணிக்கு அவற்றின் உச்சி தட்டையாக விரிந்து, அடிப்பகுதி கருநீலமாயிற்று. ரதல்லைப் பக்கமாக வேனை ஓட்டிச் சென்று, ஒரு வளைவில் நிறுத்தி, மருமகனுக்கு அந்த முகிலைக் காட்டினேன்.

நேயர்களே! இஃது ஏன் நிகழ்கின்றது? மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் நம் நாட்டில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலமாகும். அக்காலத்தில் பெருங்காற்று தணிந்திருக்கும். காலை வெயில் மலைச்சரிவுகளைச் சூடாக்கும். கடற்கரைகளிலிருந்து வரும் ஈரக்காற்று நடுமலைகளை நோக்கி நகர்ந்து, சரிவுகளில் ஏறி, மேலே குளிர்ந்து முகிலாகும். அம்முகில் பத்து, பதினைந்து கிலோமீற்றர் உயரம் வரை வளரக்கூடியது. அதன் உள்ளே பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோத, மின்னேற்றம் பிரிகின்றது. அதுவே மின்னலாகப் பாய்கின்றது. மின்னல் செல்லும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறி, வெடித்தாற்போல் விரிகின்றது. அந்த ஓசையே இடியாகும்.

ஸூறத்துந் நூரின் 43ஆம் வசனம் இந்தக் காட்சியையே நம் கண்முன் நிறுத்துகின்றது. அல்லாஹ் முகில்களை மெல்ல நகர்த்துவதையும், ஒன்று சேர்ப்பதையும், அடுக்கடுக்காகக் குவிப்பதையும், வானத்து மலைகள் போன்றவற்றிலிருந்து ஆலங்கட்டியை இறக்குவதையும், பார்வையைப் பறித்துவிடும் போன்ற மின்னொளியையும் அது எடுத்துரைக்கின்றது. மலைநாட்டில் வாழும் நாம் இந்த வசனத்துக்கு விளக்கத்தை ஆண்டில் நான்கு மாதங்கள் கண்ணாலேயே காண்கின்றோம்.

இரண்டு மணிக்கு முதல் இடி கேட்டது. மருமகன் மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கினான். ஒளி உடனே வந்துவிடும். ஓசை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவில்தான் வரும். முதல் தடவை முப்பது வரை எண்ணினான். அதாவது மின்னல் பத்து கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. அடுத்த தடவை இருபது. பின்னர் பன்னிரண்டு. நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே ஒரு தேயிலை மலை இருந்தது. ஆறு பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் தேயிலைச் செடிகள் இடுப்பளவே இருந்தன. அந்தச் சரிவில் உயர்ந்து நின்றவை அப்பெண்களும், அங்குமிங்குமாக நின்ற சில நிழல் மரங்களுமே.

நான் வேனிலிருந்து இறங்கி, “இடி கிட்ட வந்துட்டுதே அம்மா, இறங்கக் கூடாதா?” என்று உரத்துக் கேட்டேன். அவர்களுள் மூத்தவர் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “இன்னும் ரெண்டு கிலோ கொறையுதுங்க ஐயா. இப்ப எறங்குனா அரைப் பேருதான் போடுவாங்க. நீங்க போங்க, எங்களுக்குப் பழகிருச்சு.”

நான் திரும்பி வந்து வேனுக்குள் அமர்ந்தேன். கண்ணாடிகளை உயர்த்தினேன். இடி முழங்கும்போது ஓத வேண்டிய துஆவை ஓதினேன். மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. பெண்கள் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து மடுவத்தை நோக்கி ஓடினார்கள். அதற்கு நான்கு பக்கமும் சுவர் இல்லை. மேலே தகரம் மட்டுமே இருந்தது. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் இடியும் மின்னலும் அந்தச் சரிவின் மேலேயே நின்றன. பிறகு புயல் நுவரெலியாப் பக்கமாக நகர்ந்து சென்றது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பி வரும் வழியில் மருமகன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின்னர் கேட்டான்: “மாமா, வேன்ல பத்துப் பேர் இருக்கலாமே. அவங்களையும் ஏத்தியிருக்கலாம்தானே?”

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. உண்மையைச் சொல்வதானால், விடை இருந்தது. சொல்ல நா எழவில்லை. மழையில் நனைந்த உடையோடும் சேற்றுக் காலோடும் அவர்கள் ஏறினால் இருக்கைகள் பழுதாகிவிடும் என்று என் உள்ளத்தின் ஒரு மூலை அப்போது நினைத்தது. மூடிய வாகனத்தின் இரும்பு உடலில் மின்னல் பாய்ந்தாலும், அது வெளிப்புறமாகவே நிலத்துக்குச் சென்றுவிடும். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் காக்கப்படுவர். இதனை நான் அறிந்திருந்தேன். அந்தச் சரிவில் இருந்த மிகப் பாதுகாப்பான இடத்தில் நாங்கள் இருவர் அமர்ந்திருந்தோம். வெளியே ஆறு பேர் நின்றார்கள். நான் துஆ ஓதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்த உரையை உங்களுக்கு உபதேசமாக மட்டும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்தே சொல்கின்றேன்.

அருமை நாயகம் (ஸல்) அவர்கள் வானத்தில் கருமுகிலையோ கடுங்காற்றையோ கண்டால் அவர்களுடைய திருமுகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மக்கள் முகிலைக் கண்டு மழை வருகிறதென்று மகிழும்போது, தாங்கள் ஏன் கலங்குகின்றீர்கள் என்று அன்னையவர்கள் வினவினார்கள். ஆத் கூட்டத்தார் தம் பள்ளத்தாக்குகளை நோக்கி வந்த முகிலைக் கண்டு, இது நமக்கு மழை தரும் முகில் என்றே மகிழ்ந்தார்கள்; அதனுள் அவர்களை அழிக்கும் காற்று இருந்தது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். ஸூறத்துல் அஹ்காஃபின் 24ஆம் வசனம் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. மழை இறங்கிய பின்னரே நாயகத்தின் முகம் தெளிவடையும். சிந்தித்துப் பாருங்கள்! அல்லாஹ்வின் தூதருக்கு முகிலைப் பார்த்து அஞ்சுவது வெட்கமாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன் அது கோழைத்தனமாகத் தோன்ற வேண்டும்?

இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். மழை பெய்து சேறு நிறைந்திருந்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினை அழைத்து, பாங்கில் தொழுகைக்கு வாருங்கள் என அழைக்கும் இடத்தில், உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு பணித்தார்கள். மக்களுக்கு இது வியப்பாக இருந்தது. என்னிலும் சிறந்தவரே இதைச் செய்தார் என்று நபிகளாரைக் கருதி அவர்கள் விளக்கினார்கள். மக்கள் சேற்றிலும் வழுக்கலிலும் நடந்து வரச் செய்வதைத் தாம் விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணமாகும்.

மலைநாட்டுச் சேற்றில் நடந்து பழகிய நாம் இந்த ஹதீஸின் ஆழத்தை நன்கு உணர வேண்டும். பாங்கு என்பது அல்லாஹ்வின் அழைப்பு. ஜும்ஆ என்பது கட்டாயக் கடமை. கால் வழுக்கக்கூடும் என்பதற்காகவே அந்த அழைப்பு வீட்டு வாசலில் நின்றுகொண்டது. அவ்வாறாயின் உயிருக்கே ஆபத்தான மின்னலின்போது, இரண்டு கிலோ கொழுந்து நின்றுகொள்ளக் கூடாதா? அல்லாஹ் தன் கடமையில் சலுகை தந்திருக்கும்போது, அடியான் தன் கணக்கில் சலுகை மறுப்பது எவ்வகையில் நீதியாகும்?

நம் நாட்டு வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை வெளியிடும்போதெல்லாம், இடி மின்னல் வேளையில் தவிர்க்க வேண்டிய திறந்த வெளிகளுள் வயல்களையும் நீர்நிலைகளையும் போலத் தேயிலைத் தோட்டங்களையும் சேர்த்தே கூறுகின்றது. மரத்தடியில் ஒதுங்க வேண்டாம் என்றும் கூறுகின்றது. கொழும்பில் இருப்பவருக்கு அவ்வறிவித்தல் ஒரு செய்தி. மலையில் நிற்கும் சகோதரிக்கோ, தான் நிற்கும் இடத்தையே விட்டு விலகச் சொல்லும் கட்டளை. அவள் விலகினால் அன்றைய சம்பளம் பாதியாகின்றது. அறிவித்தல் அவளை எட்டினாலும், அதன்படி நடக்கும் உரிமை அவள் கையில் இல்லை.

இனி, என் மருமகன் வியந்து பார்த்த புயல் தொடர்வோரைப் பற்றிச் சிறிது கூறுவேன். அவர்களுள் பலர் வேடிக்கைக்காகவே செல்கின்றார்கள் என்பது உண்மை. ஆயினும் பயனுள்ள நோக்கத்தோடு சென்றவர்களும் உளர். டிம் சமராஸ் என்னும் பொறியியலாளர் தாம் உருவாக்கிய கருவிகளைச் சுழல்காற்று வரும் பாதையில் வைத்துவிட்டு விலகிச் செல்வார். 2003ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி தென் டகோட்டா மாநிலத்தில் அவர் வைத்த கருவியின் மேலே சுழல்காற்று கடந்து சென்றது. காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததை அக்கருவி பதிவு செய்தது. இத்தகைய அளவீடுகள் சுழல்காற்றின் உட்புறத்தை அறிய உதவின. அதே மனிதர் 2013ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ நகருக்கு அருகே, ஏறத்தாழ 4.2 கிலோமீற்றர் அகலமான சுழல்காற்றில், தம் மகனோடும் தம் நண்பரோடும் உயிரிழந்தார். அது திடீரெனத் திசையும் வேகமும் மாற்றியது. பல ஆண்டு அனுபவமும் சிறந்த வாகனமும் கருவிகளும் அன்று போதவில்லை.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, எவ்வளவு கற்றவனுக்கும் பழக்கம் காப்பு ஆகாது. ‘எங்களுக்குப் பழகிவிட்டது’ என்ற சொல்லை இடிமுகில் அறியாது. இரண்டாவது, புயலைத் தேடிச் செல்பவனுக்கு வாகனம் உண்டு; விலகும் பாதை உண்டு; அன்று போக வேண்டாம் என்று முடிவெடுக்கும் சுதந்திரம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண் புயலைத் தேடிச் செல்லவில்லை. புயல்தான் அவளைத் தேடி வருகின்றது. அவளுக்கு அந்தச் சுதந்திரங்களில் ஒன்றும் இல்லை.

உலகில் மிக அதிக உயிர்களைப் பறித்த சுழல்காற்று எங்கே வீசியது தெரியுமா? அமெரிக்காவில் அன்று. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி, பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், தௌலத்பூர், சதூரியா ஆகிய ஊர்களின் மீது அது வீசியது. அது றமழான் மாதம். மாலை வேளை. நீண்ட வறட்சிக்குப் பின்னர் வந்த முகில் அது. ஏறத்தாழ 1,300 பேர் மரணமடைந்தார்கள். மண்ணாலும் தகரத்தாலும் ஆன வீடுகள் காற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஓடி ஒளிய உறுதியான கட்டடம் அருகில் இருக்கவில்லை. காற்றின் வலிமையோடு ஏழையின் கூரையும் சேர்ந்தே அந்த எண்ணிக்கையைத் தீர்மானித்தது.

ஆனால் அதே நாட்டிடம் நாம் கற்க வேண்டிய நன்மையும் உண்டு. 1970ஆம் ஆண்டின் பெரும் புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர், ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். கொடியேற்றியும், கைஒலிபெருக்கியில் கூவியும், பள்ளிவாசல் ஒலிபெருக்கி மூலமாகவும் மக்களை எச்சரித்து, புகலிடக் கட்டடங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் வளர்ந்தது. பிற்காலப் புயல்களில் மரணங்கள் பன்மடங்கு குறைந்தன. எச்சரிக்கையும் ஒதுங்க இடமும் ஒருசேரக் கிடைத்ததால் வந்த மாற்றம் அது.

நம் மலைகளும் அழுத நாட்கள் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளை மூடின. அத்தகைய வேளைகளில் சிலர், அவ்வூரார் செய்த பாவத்தின் தண்டனை இது என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றார்கள். அன்பர்களே, நாவைக் காத்துக்கொள்ளுங்கள்! நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் நிகழ்ந்தது என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் அடைவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்பேச்சைத் திருத்தினார்கள். நீரில் மூழ்கியவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் அவர்கள் ஷஹீதுகளின் வரிசையில் வைத்தார்கள். மார்க்கம் கண்ணியப்படுத்திய ஒரு மரணத்தை நாம் குற்றமாக்கலாகாது.

அப்படியானால் தவக்குல் என்பது என்ன? ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின் அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததாகத் திர்மிதியில் ஒரு செய்தி உண்டு. இடிமுகிலுக்கு முன்னால் நாம் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் சில உள்ளன.

மின்னலைக் கண்டதும் எண்ணுங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே ஒதுங்குங்கள். இறுதி இடிக்குப் பின்னரும் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். சுவரும் கூரையும் உள்ள கட்டடம் நல்லது. மூடிய வாகனம் நல்லது. தனி மரத்தின் அடியும், சுவரில்லாத மடுவமும், திறந்த வெளியும் காப்பு ஆகா. வீட்டினுள் இருப்போர் மின்சாரத்தில் இணைத்த சாதனங்களையும் கம்பித் தொலைபேசியையும் தொடாதிருங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொட அஞ்சாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிரூட்ட முயலுங்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! எச்சரிக்கை வரும் நாளில் உங்கள் ஒலிபெருக்கி பாங்குக்குப் பின் ஒரு நிமிடம் தமிழில் அதை அறிவிக்கட்டும். அருகிலுள்ள லயன்களில் வாழ்வோர் எம்மதத்தவராயினும் அவர்களும் கேட்கட்டும். பள்ளிவாசல் மண்டபத்தின் கதவு அந்நேரம் திறந்திருக்கட்டும். கடைக்கார சகோதரர்களே! மழைக்கு ஒதுங்குபவர் ஒன்றும் வாங்காவிட்டாலும் உள்ளே அழைத்து நிறுத்துங்கள். வாகனம் வைத்திருப்போரே! உங்கள் இருக்கை நனைந்தால் காய்ந்துவிடும். தோட்டங்களில் பொறுப்பு வகிக்கும் அன்பர்களே! இடி வேளையில் மலையிலிருந்து இறங்கிய நேரத்தைக் கணக்கில் குறைக்காமல், அந்த நாளின் பேரை முழுப் பேராகவே போடுங்கள். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போலாவார் என்று ஸூறத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் கற்பிக்கின்றது. அங்கே ‘உயிர்’ என்றுதான் உள்ளது. அது யாருடைய உயிர் என்று பிரிக்கப்படவில்லை.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் இடியோசை கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அல்லாஹ்வைத் துதிப்பார்கள் என்று அறிவிக்கப்படுகின்றது. நாமும் நிறுத்துவோம், துதிப்போம். பின்னர் கண்ணைத் திறந்து, வெளியே யார் நிற்கின்றார்கள் என்று பார்ப்போம்.

மறுவாரம் நானும் மருமகனும் அதே வளைவுக்குச் சென்றோம். அன்று அந்த மலையில் யாரும் இல்லை. வேறு மலைக்குப் பறிக்கப் போயிருந்தார்கள். அந்த மூத்த சகோதரியை நான் மீண்டும் காணவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வேனின் பின் இருக்கையில் ஒரு பழைய படங்கு விரித்தே இருக்கின்றது.

மழை மிகுந்தபோது, தம் மீதன்றித் தம்மைச் சூழவுள்ள மேடுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் அதனைப் பொழியுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சினார்கள். நம்முடைய மேடுகளிலோ மனிதர்கள் வேலை செய்கின்றார்கள். ஆகவே, யா அல்லாஹ்! இம்மலைகளுக்கு மழையை அருளாகத் தருவாயாக! மலையில் நிற்போரை மின்னலிலிருந்து காப்பாயாக! அவர்கள் ஒதுங்குவதற்கு நாங்கள் இடமாக இருக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹி வபறகாத்துஹு.